நம் வீட்டுக்கு ஏற்ற நாய் எது?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் இன்று நாயைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. தேர்வு முடிவு வந்தவுடன் பெற்றோர் சிலர் நம்மிடம் வந்து, "பையன் நல்லா படிச்சிட்டான் சார், நாய்க்குட்டி வேணும்னு ஒரே அடம். எந்தச் சாதி நாய் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் அவசரத்தில் கேட்கப்படுகிற கேள்வி. பரிசாகக் கொடுத்த கோப்பை அலமாரியில் பேசாமல் நிற்கும். பரிசாக வந்த நாய்க்குட்டிக்கு மறுநாள் காலையில் பசிக்கும்.

முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கணக்கில் பரிசு வாங்கியவர்கள் மனத்திலேயே போட்டுவிடலாம். ஒரு நாய் சாதாரணமாகப் பத்து முதல் பதினான்கு ஆண்டுகள் உயிர் வாழும். முதலாம் ஆண்டு படிக்கும் 7 வயதுப் பிள்ளைக்கு இன்று ஒரு குட்டி வாங்கினால், அந்த நாய் கிழடாகும்போது பிள்ளைக்கு 19, 20 வயது. அப்போது அவன் எங்கே இருப்பான்? கல்லூரியிலோ, பாசிர் கூடாங் தொழிற்சாலையிலோ, சிங்கப்பூரிலோ இருப்பான். கிழ நாய்க்குச் சோறு வைக்கிறவர் அம்மாதான். ஆகவே நாய் வாங்குவது பிள்ளையின் ஆசை மட்டுமன்று, குடும்பம் முழுவதும் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். நம்மவர்கள் விலை கொடுத்து வாங்கும் நாயைச் 'சாதி நாய்' என்றும், லயத்தில் திரியும் நாயை 'நாட்டு நாய்', 'தெரு நாய்' என்றும் சொல்கிறார்கள். சாதி என்ற சொல் மனிதரிடையே என்ன கேடு செய்தது என்பதை நம் முன்னோர் பட்டறிந்திருக்கிறார்கள். நாயிடத்திலும் அந்தச் சொல் நாம் நினைக்கிற அளவுக்கு உண்மை பேசுவதில்லை. அமெரிக்க விஞ்ஞானிகள் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்போரிடம் விசாரித்து, பல நாய்களின் மரபணுவையும் ஆராய்ந்து, 2022ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' என்ற ஆய்விதழில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு நாயின் குணம் இன்னொரு நாயின் குணத்திலிருந்து வேறுபடுவதில் இனத்துக்கு இருக்கும் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பதுதான் என்று கண்டார்கள். மீதியெல்லாம் அந்தந்த நாயின் தனிப் பிறவிக் குணம், வளர்ந்த விதம், வளர்த்தவர் கை.

அப்படியானால் இனத்தைப் பார்க்கவே வேண்டாமா என்று கேட்பீர்கள். பார்க்க வேண்டும். குணத்தைப் பற்றி இனம் கொஞ்சம்தான் சொல்லும். உடம்பைப் பற்றி நிறையச் சொல்லும். எவ்வளவு உயரம் வளரும், எவ்வளவு தின்னும், மயிர் எப்படி, மூச்சு எப்படி, என்ன நோய் வரும் என்பதையெல்லாம் இனத்தைக் கொண்டு ஓரளவு அறியலாம். ஏனென்றால் ஒவ்வோர் இனத்தையும் மனிதர்கள் ஏதோ ஒரு வேலைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள்.

சில எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். சைபீரியன் ஹஸ்கி என்ற நாயைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நீலக் கண், அடர்ந்த மயிர், பார்க்க ஓநாய் மாதிரி இருக்கும். அது பனிநாட்டில் சறுக்கு வண்டி இழுக்கும் நாய். 1925ஆம் ஆண்டு அலாஸ்காவிலுள்ள நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, அத்தகைய வண்டி நாய்கள் கடும் பனியில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தை ஐந்தரை நாளில் மாறி மாறி ஓடி மருந்து கொண்டுவந்து சேர்த்தன. பல பிள்ளைகளின் உயிர் பிழைத்தது. அத்தகைய வீர நாயைக் கொண்டுவந்து, பகலில் 32, 33 டிகிரி வெயில் அடிக்கும் ஜொகூரில், தகரக் கூரைக்குக் கீழே சங்கிலியில் கட்டிப் போட்டால் அது என்ன செய்யும்? நம்மைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ளும். பனிக்கான மயிர்ப் போர்வையைச் சுமந்துகொண்டு வெயிலில் இரைக்கும் நாயைப் பார்ப்பதே பாவம்.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு வேறு துன்பம். மூக்கு குட்டையாக இருப்பதால் மூச்சு விடுவதே அவற்றுக்குப் பாடு. நல்ல வெயிலில் கொஞ்சம் ஓடினாலும் மயங்கி விழுந்துவிடும். குறட்டை விடுவதைக் கண்டு, "ஐயோ, எவ்வளவு அழகு!" என்று சிரிக்கிறோம். பல சமயம் அது மூச்சுத் திணறல்.

ஜெர்மன் ஷெப்பர்ட் நாயை நம் பெரியவர்கள் இன்றும் 'அல்சேஷன்' என்றுதான் சொல்வார்கள். ஜெர்மனியில் ஆட்டு மந்தையைக் காக்க வளர்த்த நாய் அது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் என்ற பெயரே ஆகாது என்று ஆங்கிலேயர்கள் அல்சேஷன் என்று மாற்றி வைத்தார்கள். 1977இல்தான் பழைய பெயர் திரும்ப வந்தது. புத்திசாலி நாய், சொன்னதைச் செய்யும். ஆனால் மந்தைக்குப் பின்னால் நாளெல்லாம் ஓடிய பரம்பரை. காலையும் மாலையும் ஓட்டி நடத்தி வேலை கொடுக்க ஆள் வேண்டும். வேலையில்லாத புத்திசாலி என்ன செய்வான்? செருப்பைக் கடிப்பான், வேலியைத் தோண்டுவான். நாயும் அப்படித்தான்.

நம் தாத்தா பாட்டி புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலும் புகழ்பெற்ற நாய்கள் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்பன அவை. ராஜபாளையம் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, ஏறத்தாழ 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம். காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நான்கு உள்நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு சில குட்டிகள் பிறவிச் செவிடாகப் பிறப்பதும் உண்டு. வாங்குகிறவர்கள் குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து வாங்க வேண்டும். சிப்பிப்பாறையோ முயல் துரத்தும் ஓட்டக்கார நாய். அதை ஒரு முழக் கயிற்றில் கட்டுவது ஓட்டப் பந்தய வீரனை நாற்காலியில் கட்டுவதற்குச் சமம்.

நம் மலேசியாவுக்கும் ஒரு சொந்த நாய் இருக்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பகாங் மாநிலத்தில் தெலோம் ஆற்றங்கரையில் வாழும் பூர்வகுடி மக்கள் வளர்த்த சிறிய நாய் அது. அந்த மக்களின் வீடுகள் உயரமான கால்களின் மேல் நிற்பவை. ஆகவே அந்த நாய்கள் ஏணியில் ஏறப் பழகியிருந்தன. 1963ஆம் ஆண்டு ஓர்வில் எலியட் என்ற மானிடவியல் ஆய்வாளர் அவற்றில் ஒரு சோடியை அமெரிக்காவுக்கு, நாய்களின் நடத்தையை ஆராய்ந்துகொண்டிருந்த ஜான் பால் ஸ்காட் என்பவருக்கு அனுப்பினார். ஆற்றின் பெயரையொட்டி அதற்குத் 'தெலோமியன்' என்று பெயர் வந்தது. காட்டையும் வெயிலையும் மழையையும் தாங்கி, கிடைத்ததைத் தின்று, வீட்டாரோடு ஒண்டி வாழ்ந்த நாய் அது. நம் லயத்து நாய்களைப் பார்க்கும்போதும் எனக்கு அந்த நினைவு வருவதுண்டு. அவையும் இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற உடம்போடு பிறந்தவைதாம்.

இப்போது நாயை விட்டுவிட்டு நம் வீட்டைப் பார்ப்போம். நாய் வாங்க நினைக்கும் குடும்பம் நான்கு கேள்விகளைத் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி, இடம் உண்டா? தோட்டத்து வீட்டில் பின்புறம் கொஞ்சம் நிலமாவது இருக்கும். தாமான் வீட்டில் வேலிக்குள் நான்கு அடி சிமெண்டுத் தரை இருக்கும். அடுக்குமாடி வீட்டில் அதுவும் இல்லை. பல அடுக்குமாடிகளில் நாய் வளர்க்க நிர்வாகமே விடாது. சிங்கப்பூரில் அரசாங்க வீடமைப்புக் கழக வீடுகளில் ஒரே ஒரு நாய்தான், அதுவும் அனுமதித்த வகையாக இருக்க வேண்டும் என்று விதி இருப்பது அங்கே வேலை செய்யும் பெற்றோருக்குத் தெரியும். சிறிய வீட்டுக்குச் சிறிய நாய், பெரிய நிலத்துக்குப் பெரிய நாய் என்பது பொது விதி. ஆனால் சிறிய நாயெல்லாம் அமைதியான நாய் என்று நினைக்கக் கூடாது. சில சின்ன நாய்கள் காற்றில் கதவு அசைந்தாலும் குரைத்து அடுத்த வீட்டுக் குழந்தையை எழுப்பிவிடும்.

இரண்டாவது கேள்வி, நேரம் உண்டா? அப்பா விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர்ப் பாலத்துக்குப் போய்விடுகிறார். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஓவர்டைம். பிள்ளைக்குப் பள்ளி, பிறகு டியூசன். வீட்டில் பன்னிரண்டு மணி நேரம் யாருமில்லை. அந்த வீட்டில் குட்டி வளர்ந்தால் அது அழுது அழுது ஊளையிடும். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு நான் சொல்வது, இப்போது நாய் வேண்டாம். பாட்டி வீட்டில் இருக்கிறார், பகலில் ஆள் நடமாட்டம் உண்டு என்றால் யோசிக்கலாம். ஆனால் பாட்டியைக் கேட்காமல் பாட்டியின் தலையில் கட்டிவிடாதீர்கள். இழுத்துத் தள்ளும் பெரிய நாய் முதியவர்களுக்கு ஆகாது.

மூன்றாவது கேள்வி, செலவுக்குக் கை கொடுக்குமா? குட்டி விலை ஒருமுறைதான். தீனி, தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து, லைசன் இவை நாய் சாகும்வரை. ஷிட்சு, பொமரேனியன் போன்ற நீள மயிர் நாய்களுக்கு நாள்தோறும் சீவிவிட வேண்டும், இல்லாவிட்டால் மயிர் சடை பிடித்துத் தோல் புண்ணாகும். நம் பக்கத்தில் கொசு அதிகம். கொசுக்கடியால் நாயின் இதயத்தில் புழு வரும் நோய் உண்டு, அதற்கு முன்கூட்டியே மருந்து கொடுக்க வேண்டும். மிஞ்சிய குழம்புச் சோற்றைப் போட்டால் போதும் என்பார்கள். குழம்பில் கிடக்கும் வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் திராட்சையும் நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாய் உடைந்து குடலைக் குத்தும். செம்பனைக் காட்டில் எலிக்கு வைக்கும் மருந்தைத் தின்றால் உள்ளே இரத்தம் கசிந்து நாய் சாகும். ஆகவே அவிழ்த்து விட்டுவிட்டால் அதுவே பிழைத்துக்கொள்ளும் என்ற பேச்சும் தோட்டத்தில் எடுபடாது.

நான்காவது கேள்வி, அண்டை வீட்டாருக்குச் சம்மதமா? நாம் பல இனத்தாரோடு கூடி வாழும் நாட்டில் இருக்கிறோம். இஸ்லாமிய அண்டை வீட்டார் நாயின் எச்சில் பட்டால் தங்கள் சமய முறைப்படி கழுவித் தூய்மை செய்துகொள்ள வேண்டும். நம் நாய் அவர்கள் வாசலில் போய் நின்றால் அவர்களுக்கு எவ்வளவு சங்கடம் என்று நினைத்துப் பாருங்கள். நாயை நம் வேலிக்குள் வைத்துக்கொள்வதும், வெளியே போனால் கயிற்றில் பிடிப்பதும், அது அசுத்தம் செய்தால் நாமே அள்ளுவதும் நல்ல குடிமகனின் கடமை. நாய்க்காக நல்ல அண்டை வீட்டாரை இழந்துவிடக் கூடாது.

இந்த நான்கோடு சட்டத்தையும் பார்க்க வேண்டும். நாய் வளர்க்க உள்ளூர் நகராண்மைக் கழகத்திலோ மாவட்ட மன்றத்திலோ லைசன் எடுக்க வேண்டும். எத்தனை நாய், எந்த வகை வீடு என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிட்புல், ஜப்பானிய டோசா போன்ற இனங்களை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை உண்டு. ராட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவை கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பட்டியலில் இருக்கின்றன. "வீட்டுக்குக் காவல் வேணும் சார், பயங்கரமான நாயா இருக்கட்டும்" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். திருடன் வருவது ஆண்டில் ஒரு நாள், வந்தாலும் வராவிட்டாலும். உங்கள் பிள்ளைகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் அந்த நாய்க்கு முன்னால் ஆண்டு முழுவதும் நடக்கிறார்கள். ஆள் வந்தால் குரல் கொடுக்கிற நாய் போதும். கடிக்கிற நாய் வேண்டாம்.

குட்டியை எப்போது எடுப்பது? சற்று முன் நான் சொன்ன ஸ்காட் என்பவரும் புல்லர் என்பவரும் ஐந்து வகை நாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் நூல் வெளியிட்டார்கள். குட்டியின் மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலமே அது மனிதரோடு பழகக் கற்கும் பருவம் என்பது அவர்கள் கண்ட உண்மை. அந்த நாட்களில் அன்பான கை பட்டு, பிள்ளைகளின் சத்தம் கேட்டு வளர்ந்த குட்டி பின்னாளில் மனிதரைக் கண்டு மிரளாது. கண் திறந்தவுடனே தாயிடமிருந்து பிடுங்கி வரக் கூடாது. எட்டு வாரமாவது தாயோடும் கூடப் பிறந்ததோடும் இருந்தால்தான், மெதுவாகக் கடிப்பது எப்படி என்று தங்களுக்குள் விளையாடிக் கற்றுக்கொள்ளும். படிப்புக்கு ஒரு வயது இருப்பதுபோலக் குட்டிக்கும் ஒரு வயது உண்டு.

மாணவச் செல்வங்களே, இந்தப் பகுதி உங்களுக்கு. 'குரைக்கிற நாய் கடிக்காது' என்ற பழமொழியை நம்பி யாரும் நாய்க்குப் பக்கத்தில் போகாதீர்கள். குரைக்கிற நாயும் கடிக்கும். தின்னும் நாயை, தூங்கும் நாயை, குட்டி போட்ட நாயைத் தொடாதீர்கள். தெரியாத நாய் வந்தால் ஓடாதீர்கள், கையைக் கீழே விட்டு மரம் மாதிரி நில்லுங்கள், அதன் கண்ணையே முறைத்துப் பார்க்காதீர்கள். கடித்துவிட்டால், சின்னக் கீறலானாலும், அடி விழும் என்று பயந்து மறைக்காதீர்கள். உடனே குழாயைத் திறந்து சோப்பும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. பிறகு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? வெறிநாய்க்கடி நோய் கண்டு அறிகுறி வந்துவிட்டால் பிழைத்தவர் அரிது. அறிகுறி வருவதற்கு முன் ஊசி போட்டால் உயிர் காக்கலாம். 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் பிரான்சில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பு மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தார். அப்படியிருந்தும் இன்றும் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இறப்பவர்களில் பத்துக்கு நான்கு பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நம் நாட்டில் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் இந்நோய் தலைகாட்டியது. 2017 ஜூலையில் சரவாக் மாநிலத்தின் செரியான் பகுதியில் சிறு பிள்ளைகள் இறந்தார்கள், அதன் பின்னும் அங்கே உயிர்கள் போய்க்கொண்டிருந்தன. ஆகவே நாய் எந்த இனமானாலும் தடுப்பூசி போடாத நாய் வீட்டில் இருக்கக் கூடாது.

பெரியோர்களே, கடைசியாக மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். ரப்பர் வெட்டிய காலத்தில் விடியற்காலை இருட்டில் பால்மரக் காட்டுக்குப் போனவர்களுக்கு முன்னால் ஒரு நாய் போகும். பாம்பையும் பன்றியையும் முதலில் கண்டுகொள்வது அதுதான். அந்தத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, விற்கப்பட்டன. மக்கள் ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங் என்று பட்டணத்துக்குப் போனார்கள். லோரியில் கட்டில் ஏறியது, அலமாரி ஏறியது, சாமி படம் ஏறியது. நாய் ஏறவில்லை. லோரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, காலி வீட்டு வாசலுக்கே திரும்பி வந்து படுத்துக்கொண்டது. போனவர்களையும் குறை சொல்ல முடியாது, புது வீட்டில் இடமில்லை, விதி விடவில்லை. ஆனால் விட்டுப்போன நாய்கள் பெருகின. ஒரு பெட்டை நாய் ஆண்டுக்கு இரண்டு முறைகூட ஈனும். பசித்த நாய்கள் கூட்டமாகத் திரியும், பள்ளிக்கு நடக்கும் பிள்ளையைத் துரத்தும். பிறகு புகார், பிறகு பிடிப்பு, பிறகு அவற்றின் முடிவு. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி விலங்கைக் கொடுமைப்படுத்துவது 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ கிடைக்கக்கூடிய குற்றம். சட்டத்துக்குப் பயந்தாவது செய்வோம். தருமர் தம்மோடு கடைசிவரை வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குள் போக மாட்டேன் என்று நின்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், அதை நினைத்தாவது செய்வோம்.

ஆகவே, "எந்தச் சாதி நாய் வாங்கலாம் சார்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். இடமும் நேரமும் செலவும் அண்டை வீட்டார் சம்மதமும் இருந்தால், விலை கொடுக்க வேண்டாம். நம் தோட்டத்திலேயே நல்ல தாய்க்குப் பிறந்த, பிள்ளைகளோடு பழகிய குட்டி ஒன்றை, ஒன்றே ஒன்றை, எட்டு வாரம் ஆனதும் எடுங்கள். தடுப்பூசி போடுங்கள், லைசன் எடுங்கள், வயது வந்ததும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்யுங்கள். இந்த வெயில் அதற்குப் பழக்கம், இந்த மழை அதற்குப் பழக்கம். நாளை நீங்கள் வீடு மாறினால் அதையும் லோரியில் ஏற்ற முடியுமா என்று இன்றே யோசித்துவிட்டு எடுங்கள். முடியாது என்று தோன்றினால், பிள்ளைக்கு ஒரு சைக்கிளோ நல்ல புத்தகங்களோ வாங்கிக் கொடுங்கள். அதுவும் நல்ல பரிசுதான்.

பிள்ளைகளே, வீட்டில் நாய் இருக்கிறவர்கள் ஒரு வேலையை உங்கள் பெயரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன் அதன் பாத்திரத்தைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுவது. ஒரு நாள்கூடத் தவறாமல் ஓராண்டு செய்தால், அடுத்த ஆண்டு விழாவில் உங்கள் பெயரையும் மேடையில் சொல்லலாமா என்று தலைமையாசிரியரிடம் நானே கேட்கிறேன்.